யோவேலின் கோபமும் சுமங்கலித் திட்டமும்

யோவேல் 3-ஆம் அதிகாரத்தில் கடவுள் கொதிப்பதற்கு ஒரு காரணம், பிள்ளை வியாபாரம். சீட்டுப்போட்டுப் பங்கு பிரித்து, ஒரு சிறுமியை மதுவின் விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தீரு, சீதோன்காரர்கள் யூதாவின் பிள்ளைகளைக் கிரேக்கர்களிடம் கைமாற்றினார்கள். புரோக்கர் வேலைதான்.

1947-இல் டாக்டர் சௌந்தரம் தொடங்கிய காந்திகிராமம் இருக்கும் இதே திண்டுக்கல் மாவட்டத்து நூற்பாலைகளிலும் புரோக்கர் உண்டு. 'சுமங்கலித் திட்டம்' கேள்விப்பட்டிருப்பீங்க. பதின்வயதுப் பெண்கள் மூன்று வருஷம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை பார்க்கணும். முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாகப் பணம். நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பிய பலருக்கு அது கிடைக்கவில்லை. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே பிணை.

யோவேலில் எனக்கு உறுத்துவது தண்டனைதான்: விற்றவர்களின் பிள்ளைகளும் சபேயருக்கு விற்கப்படுவார்களாம். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?