மூன்றாவது தாளில் அரியர்

2017 ஏப்ரலில், வைகை அணை நீர் ஆவியாவதைத் தடுக்க அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார். சற்று நேரத்தில் காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது. மதுரைக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. சிரிக்கலாம், ஆனால் யோசனையே அபத்தம் என்பதை ஏற்க முடியாது. வேதிப் பொறியியல் மாணவர்கள் வெப்பம் கடத்தப்படுவதையும், பொருள் கடத்தப்படுவதையும், பாய்மங்களின் ஓட்டத்தையும் தனித்தனித் தாள்களாகப் படிக்கிறார்கள். வைகை நீர்ப்பரப்பில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்தத் திட்டம் இரண்டு தாளில் பாஸ், மூன்றாவதில் அரியர்.

30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டர் ஆவியாகிப் போக சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். அணையில் அதைத் தருவது பெரும்பாலும் வெயில்தான். அட்டை வெயிலை மறைக்கிறது, நீராவி வெளியேறும் வழியையும் அடைக்கிறது. இதுவரை கணக்கு சரி. ஆனால் நீரை ஒட்டி ஈரம் ஏறிய மெல்லிய காற்றடுக்கு ஒன்று உண்டு. அதைக் காற்று துடைத்துக்கொண்டே இருப்பதால்தான் ஆவியாதல் தளராமல் நடக்கிறது. மின்விசிறிக்குக் கீழே ஈரத்துணி சீக்கிரம் காய்வதும் இப்படித்தான். இப்படி ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் போனாலே 10 லட்சம் லிட்டர் போய்விடும். ஈரத்தைத் துடைத்த அதே காற்றுதான் அட்டையையும் தள்ளியது. தெர்மாகோலின் கன அளவில் மிகப் பெரும்பகுதி வெறும் காற்று. நீருக்குள் அமிழ்வது மிகக் கொஞ்சம், பிடிமானம் எங்கே இருக்கும்?

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2015-இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கருப்புப் பந்துகளைக் கொட்டியபோது, காற்று தூக்காதிருக்க ஒவ்வொன்றின் உள்ளேயும் நீர் நிரப்பியிருந்தார்கள். அந்தப் பந்துகளைத் தயாரிக்கவே ஏராளமான நீர் செலவாகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. நியாயமான ஆட்சேபம்தான். வைகைக்கு நான் பந்துகளைப் பரிந்துரைக்கவில்லை. வண்டலை அள்ளி ஆழப்படுத்தினால் அதே நீர் குறைந்த பரப்பில் தேங்கும், ஆவியாவதும் குறையும்.

வெப்பம், பொருள், ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு இருப்பதால் பிரித்துத்தான் நடத்தியாக வேண்டும் என்பார்கள் ஆசிரியர்கள். தொடக்கத்தில் சரி. ஆனால் 1855-இல் ஃபிக் என்ற விஞ்ஞானி பொருள் பரவலுக்கு விதி தேடியபோது, ஃபூரியேயின் 1822-ஆம் ஆண்டு வெப்ப விதியையே முன்மாதிரியாகக் கொண்டார். பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் என்ற பேராசிரியர்கள் மூவரும் 1960-இல் மூன்றையும் ஒரே நூலில் இணைத்துவிட்டார்கள். நம் கல்லூரிகளின் இறுதியாண்டு வினாத்தாளில் ஒரு கேள்வியாவது இப்படி வரட்டும்: மே மாதத்தின் ஒரு நாளில் வைகை அணை எவ்வளவு நீரை இழக்கும்?