உங்களுக்குத் தெரியுமா? எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் அமிலம்

அரிசி ஆலையில் தவிடு பிரிந்த கையோடு அதிலுள்ள எண்ணெய் கெடத் தொடங்கிவிடும். நெல்லுக்குள் இருந்தவரை எண்ணெயும் 'லைபேஸ்' என்ற நொதியும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. அரிசியைத் தீட்டும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. நொதி எண்ணெயை உடைக்க, கொழுப்பு அமிலங்கள் தனியே கழன்று வருகின்றன. ஆலைக்காரர்கள் இதை 'எஃப்.எஃப்.ஏ.' என்பார்கள். தவிட்டை உடனே நீராவியில் சூடாக்கினால் நொதி அடங்கும். வாரக்கணக்கில் மூட்டையில் கிடந்த தவிட்டின் எண்ணெய், சோப்புக்குத்தான் லாயக்கு.

பெயர்தான் அமிலம், புளிக்காது. ஆனால் அது கூடக் கூட, எண்ணெய் வாணலியில் சீக்கிரமே புகையும்.

1,000 கிலோ கச்சா எண்ணெயில் 5 சதவீதம் எஃப்.எஃப்.ஏ. இருந்தால், அந்த 50 கிலோ அமிலத்தை முறிக்கச் சுமார் 7 கிலோ காஸ்டிக் சோடா போதும். அமிலம் சோப்பாகிவிடும், வேகமாகச் சுழலும் இயந்திரம் அதைப் பிரித்து வெளியே தள்ளும். காஸ்டிக் அளவு மீறினால் நல்ல எண்ணெயும் சேர்ந்து சோப்பாகும். சரியாகவே போட்டாலும் சோப்பு தன்னோடு கொஞ்சம் எண்ணெயை இழுத்துக்கொண்டுதான் போகும். அந்தக் கசடும் வீணாவதில்லை: கந்தக அமிலம் ஊற்றிப் பிரித்தால் 'ஆசிட் ஆயில்' கிடைக்கும், சோப்புக் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும்.

பருத்திக்கொட்டை எண்ணெய்க்குக் காஸ்டிக் இல்லாமல் கதியில்லை. 'காசிபால்' என்ற நச்சு நிறமியும் அதில்தான் கழிகிறது.

தவிட்டெண்ணெய் விளம்பரங்கள் கொண்டாடும் 'ஒரைசனால்' விஷயத்தில் இதே காஸ்டிக் வில்லன். அந்தப் பொருளுக்கும் லேசான அமிலக் குணம் உண்டு. ஆகவே அதுவும் சோப்புக் கசடோடு போய்விடும். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் 2001 ஆய்வில், காரச் சுத்திகரிப்பில் 93 சதவீதத்துக்கும் மேல் ஒரைசனால் போனது. பாட்டிலில் அந்தப் பெயர் மட்டும் பெரிதாக இருந்து அளவு இல்லையென்றால், நான் அதை நம்பமாட்டேன்.

காஸ்டிக் இல்லாமலும் வழியுண்டு. காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய கலத்தில் எண்ணெயை 240 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி நீராவியைப் பாய்ச்சினால், அமிலம் ஆவியாகி வெளியேறும். ஒரைசனாலில் பெரும்பகுதி தங்கிவிடும். மலேசிய, இந்தோனேசியப் பாமாயில் ஆலைகளில் இந்த முறைதான் வழக்கம். ஆவியாகிப் போன அமிலத்தையும் குளிர்வித்துப் பிடித்து, சோப்புக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் விற்றுவிடுவார்கள்.

அந்த வெப்பத்துக்கும் ஒரு விலை உண்டு. 200 டிகிரிக்கு மேல், குறிப்பாகப் பாமாயிலில், 'கிளைசிடில் எஸ்டர்' என்ற வேண்டாத பொருள் உருவாகிறது. உடலில் அது புற்றுநோய் அபாயமுள்ள கிளைசிடாலாக மாறும் என்பதால், 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் சமையல் எண்ணெயில் அதற்கு வரம்பு கட்டியது: ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம். குழந்தை உணவுக்கான எண்ணெயில் அதில் பாதி.