நான்கு சிட்டம் நூல்

மனிதனுக்குப் பெருந்துன்பம் நேரும்பொழுது ஊரே திரண்டு வந்து நிற்கிறது. வீடு தீப்பற்றினால் அண்டை அயலார் குடத்துடன் ஓடி வருகிறார்கள். ஆனால், செருப்பு வார் அறுந்தவனுக்காக யார் ஓடி வருவார்? கண்ணெதிரே பேருந்தைத் தவறவிட்டவனுக்கும், அடுப்பில் வைத்த பால் திரிந்து போனவளுக்கும், தறியில் அமர்ந்த அந்த நொடியே விளக்கு அணையப் பெற்றவனுக்கும் ஆறுதல் கூற எந்தச் சபையும் கூடுவதில்லை. இவை சிறு துன்பங்கள். சிறியவை ஆதலால் வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் அடக்கிக்கொள்ளவும் இயலுவதில்லை. ஆகவே மனிதன் புலம்புகிறான். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும், இந்நாளில் கைப்பேசிக் குழுக்களிலும் புலம்புகிறான்.

இந்தப் புலம்பலைப் பற்றி அங்கத்தினர்களாகிய உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். இது வேடிக்கைக்கு உரிய விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். கேட்பாரற்ற புலம்பலால் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கலைந்து போகும் நிலைக்கு வந்ததை நான் நேரில் கண்டேன்.

சென்ற ஐப்பசி மாதத்தில் அச்சங்கத்தைப் பார்வையிடச் சென்றேன். அன்று காலையிலிருந்தே எனக்கு நேரம் சரியாக இல்லை. முதற் பேருந்து அரை மணி தாமதித்தது. அதனால் இரண்டாம் பேருந்து போய்விட்டது. நடத்துநர் சில்லறை இல்லையென்று டிக்கெட்டின் பின்புறம் பாக்கியை எழுதிக் கொடுத்தார். இறங்கும் அவசரத்தில் அதை வாங்க மறந்தேன். ஊர் எல்லையில் மழை பிடித்துக்கொண்டது. குடை காற்றில் மறுபுறம் மடங்கிற்று. சேற்றில் செருப்பு வார் அறுந்தது. ஒரு கையில் செருப்பும் மறு கையில் நனைந்த கோப்புமாகச் சங்கத்தின் வாசலை அடைந்தால், கதவு பூட்டியிருந்தது. காரியதரிசி வங்கிக்குச் சென்றிருக்கிறார் என்றார்கள்.

எதிர் வீட்டில் முதியவர் ஒருவர் குழித்தறியில் அமர்ந்து, பாவில் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். சங்கத்தின் பழைய அங்கத்தினர் அவர். என்னை உள்ளே அழைத்து அமரச் செய்தார். அமர்ந்தவன் சும்மா இருந்தேனா? காலையில் பட்ட பாட்டையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். அவர் கை இழையை முடிந்துகொண்டே இருந்தது. வாய் மட்டும் உரிய இடங்களில் "அடடா" என்றது. இதற்குள் அவர் வீட்டு அம்மாள் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். கால் மணி நேரம் சென்றது. நான் ஓய்ந்ததும் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இன்ஸ்பெக்டர் ஐயா உள்ளே வரும்போது முகம் ஐப்பசி வானம் மாதிரி இருந்தது. இப்போது வெளுத்துவிட்டது. சொன்னதனால் போன பஸ் திரும்பி வரவில்லை, செருப்பும் ஒட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் பாரம் இறங்கிவிட்டது அல்லவா? எங்கள் பாரத்தை நாங்கள் எங்கே இறக்குவது, ஐயா?"

"சங்கம் எதற்கு இருக்கிறது, பெரியவரே? மகாசபையில் சொல்லலாமே" என்றேன்.

"இரண்டு கிலோ நூலுக்கு நாலு சிட்டம் குறைகிறது என்று மகாசபையில் எழுந்து நின்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?"

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. நான் அங்கே சென்றதற்குக் காரணமே, அச்சங்கத்தில் ஓடும் தறிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்ததுதான். நல்ல உழைப்பாளிகள் சங்கத்தை விட்டுத் தனியார் முதலாளிகளிடம் பாவு வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள். காரணம் எந்த ஏட்டிலும் இல்லை. மகாசபை நடவடிக்கைப் புத்தகத்தில் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறியிருந்தன. ஒரு கேள்வி இல்லை. ஓர் ஆட்சேபம் இல்லை. எனக்கு முன் வந்த அதிகாரிகள் "குறிப்பிடத்தக்க குறை ஏதும் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். நானும் முந்திய ஆண்டு அதையே எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன்.

நெசவாளர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தை நம்பி வாழும் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம் நூல். அறுபதாம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் அறுபது சிட்டம் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டு கிலோவுக்கு ஏறத்தாழ 264 சிட்டம் வரும். அதில் நான்கு குறைந்தால் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட நூல் குறைகிறது. நிறுவையிலோ அது முப்பது கிராம்தான்.

அச்சங்கத்தில் கட்டுப் பிரித்த ஊடை நூலை நிறுத்தே கொடுத்து வந்தார்கள். நெய்து வந்த துணியையும் நிறுத்தே வாங்கினார்கள். துணியின் எடை குறைந்தால் "நூல் குறைவு" என்று கூலியில் பிடித்தம் செய்தார்கள். பிடித்த தொகை ஒரு வேளைக் காப்பிச் செலவு இருக்கும். அதற்காக யார் சண்டைக்குப் போவார்? ஆனால் மாதந்தோறும் பிடித்தார்கள். மாதந்தோறும் தெருவில் புலம்பல் வளர்ந்தது. முதலில் "நூல் குறைகிறது" என்றார்கள். பிறகு "நூலை எடுக்கிறார்கள்" என்றார்கள். கடைசியில் "காரியதரிசி வீட்டுத் திண்ணைக்குச் சிமெண்டு பூசியது நம் நூலில்தான்" என்றார்கள். இந்தப் பேச்சு ஊரில் எல்லார் காதிலும் விழுந்தது, காரியதரிசியின் காதைத் தவிர.

அன்று மாலையே இருப்பைச் சரிபார்த்தேன். ஏட்டிற்கும் இருப்பிற்கும் வேற்றுமை இல்லை. முத்திரையிட்ட எடைக்கற்களை வைத்துத் தராசைச் சோதித்தேன்; தராசும் சரியாகவே இருந்தது. பெரியவரையே அழைத்து இரண்டு கிலோ நூலை நிறுத்து எண்ணச் சொன்னேன். 260 சிட்டம் இருந்தது. அவர் சொன்னது உண்மை. காரியதரிசியோ வெளிறிப்போய் நின்றார்.

கிடங்கினுள் சென்று பார்த்த பிறகே விஷயம் விளங்கிற்று. மேற்குச் சுவர் மழைநீரில் ஊறியிருந்தது. நூற்கட்டுகள் வெறுந்தரையில், அந்தச் சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நூறு பங்கு உலர்ந்த பருத்திக்கு எட்டரைப் பங்கு ஈரம் இருப்பதை வாணிகத்தில் முறையான அளவாக ஒப்புக்கொள்கிறார்கள். ஈரமான கிடங்கில் அது பத்துப் பங்கைத் தாண்டிவிடும். அவ்வாறு தாண்டினால், அதே இரண்டு கிலோவில் நூல் சற்றுக் குறைவாகவும் தண்ணீர் சற்று அதிகமாகவும் இருக்கும். நெய்த துணியோ வீட்டின் காய்ந்த காற்றில் இருந்துவிட்டுத் தராசுக்கு வருகிறது. கஞ்சியின் எடைக்குச் சங்கத்துக் கணக்கில் இடம் இருந்தது; ஈரத்தின் எடைக்கு இடம் இல்லை. மறுநாள் வெயில் எழுந்தது. அந்த 260 சிட்டத்தையும் பெரியவர் வீட்டு நடையில் கொடியிட்டு உலர்த்தி, அதற்கு மறுநாள் நிறுத்தோம். முப்பது கிராம் குறைந்திருந்தது.

ஆக, திருடன் என்று ஒருவனும் இல்லை. ஈரம் இருந்தது, அதைக் கேட்டறியாத மௌனம் இருந்தது.

விசேஷக் கூட்டம் கூட்டி எல்லார் முன்னிலையிலும் இதை எடுத்துரைத்தேன். காரியதரிசி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று வருஷமாக என்னிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லையே! கேட்டிருந்தால் எண்ணிக் காட்டியிருப்பேனே" என்றார். சபையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றே, ஊடை நூலை இனி எடையால் அன்றிச் சிட்டம் எண்ணிக் கொடுப்பது என்றும், கட்டுகளைப் பலகையின்மேல் சுவரை விட்டுத் தள்ளி வைப்பது என்றும் தீர்மானம் செய்தார்கள். போன தறிகளில் சில திரும்பி வந்தன. சில வரவில்லை, முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டவர் நினைத்தவுடன் திரும்ப முடியுமா? நான்கு சிட்டத்தின் புலம்பலைத் தக்க சமயத்தில் கேட்டிருந்தால் அவர்களும் நம்மோடு இருந்திருப்பார்கள்.

கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பே சிறு குறைகளில்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடை திறந்தார்கள். தொடங்கியவர்கள் 28 பேர் என்று சொல்வது வழக்கம். அவர்களிலே கம்பளி நெசவாளர்களும் இருந்தார்கள். அவர்கள் முதலில் விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு போன்ற சாமான்களே. அக்காலத்துக் கடைகளில் மாவிலே கலப்படம், நிறுவையிலே குறைவு, கடனிலே சிக்கல். ஒவ்வொன்றும் அன்றாடத் தொல்லைதான். ஊரார் எல்லாரும் புலம்பிய அதே குறைகளை இவர்கள் ஓரிடத்தில் கூடிப் பேசினார்கள், பேசியதைச் செயலாக்கினார்கள். அந்த வழியிலேதான் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904ஆம் ஆண்டு கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிற்று. சரியான நிறுவையை வேண்டிப் பிறந்த இயக்கத்திலே, நிறுவையைப் பற்றிப் பேச வெட்கப்படலாமா?

எல்லாக் குறையும் ஒரே தன்மையது அன்று. சிலவற்றுக்கு விளக்கமே மருந்து. வேளாண்மைக் கடன் சங்கங்களைப் பார்வையிடும் என் நண்பர் ஒன்று சொன்னார். ஒரு சங்கத்தில் யூரியா மூட்டையில் ஐந்து கிலோ குறைகிறது என்று விவசாயிகள் வெகுநாள் முணுமுணுத்தார்களாம். விஷயம் யாதெனில், 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே யூரியா மூட்டையின் அளவை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தது. விவசாயி ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று எண்ணிப் போடுவதால், மூட்டை சிறுத்தால் உரச் செலவும் சுருங்கும் என்பது அதன் நோக்கம். சங்கத்தின் சுவரில் நான்கு வரி எழுதி ஒட்டியிருந்தால் முணுமுணுப்பு அன்றே அடங்கியிருக்கும்.

சிலவற்றுக்குப் பரிகாரம் தேவை. நியாயவிலைக் கடையில் விரல் ரேகை வைக்கும் கருவியைப் பாருங்கள். நூலும் மண்வெட்டியும் தேய்த்த விரலை அது அடையாளம் கண்டுகொள்ள மறுக்கிறது. ஆயுள் முழுதும் உழைத்ததற்குக் கிடைத்த பரிசு, வரிசையில் மீண்டும் ஒருமுறை நிற்பது! கடைக்காரர் மேல் எரிந்து விழுவதால் ரேகை திரும்பி வராது. ஆனால், இன்னின்னாருக்கு ரேகை பதியவில்லை என்று பெயர்ப் பட்டியல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினால் மாற்று வழி கேட்க இடம் உண்டு.

இன்னும் சிலவற்றுக்கு மருந்தே இல்லை. மழை மழைதான்; அறுந்த வார் அறுந்ததுதான். அவற்றுக்குக் கேட்கும் காது போதும்; கூட ஒரு குவளை சுக்குக் காப்பி இருந்தால் நலம்.

எது எந்த வகை என்று சொல்பவனுக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் தெரியும். ஆகவேதான், "இதுவும் ஒரு குறையா?" என்று எவரையும் வாய் அடைத்துவிடலாகாது. பெரிய தாவாக்களுக்குச் சட்டம் வழி செய்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவு அதற்கென்றே உள்ளது. ஆனால் முப்பது கிராம் நூலுக்காக எவரும் பதிவாளரிடம் மனுக் கொடுக்கப் போவதில்லை. சிறு குறைக்குச் சங்கத்தின் திண்ணைதான் நீதிமன்றம்.

ஆகையால் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தில் கயிறு கட்டிய ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும். குழுக் கூட்டந்தோறும் முதற் கால் மணி நேரம் அதைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே விடை எழுதுங்கள். "இயலாது" என்பதும் விடையே. அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தேநீர்க் கடையில் சொன்னதைச் சங்கத்திலும் சொல்லுங்கள். ஒருவர் மேல் பழி சொல்வதற்கு முன் அவரையே ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தப் பெரியவரின் சங்கத்தில் இப்பொழுது அத்தகைய புத்தகம் ஒன்று இருக்கிறது. தை மாதம் சென்றபொழுது புரட்டிப் பார்த்தேன். முதற் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருந்தது: "வாசற்படியில் கல் ஆடுகிறது. இன்ஸ்பெக்டர் ஐயா விழுந்துவிடப் போகிறார்." எதிரே காரியதரிசியின் கையெழுத்தில், "சரிசெய்யப்பட்டது" என்று எழுதியிருந்தது. வெளியே வந்து காலால் அழுத்திப் பார்த்தேன். கல் அசையவில்லை.