பழைய இரும்புக் கிடங்கில் மின்சாரம் - வீட்டு வயரிங் போல ஏன் செய்ய முடியாது?

காராங் குனிக்காரரிடம் பழைய மின்விசிறியைக் கொடுத்துவிட்டு அதை மறந்தே போயிருப்பீர்கள். அதிலுள்ள இரும்பும் செம்பும் பல கைமாறி உலோக மறுபயனீட்டு ஆலைக்குப் போய்ச் சேரும். அங்கே நசுக்குவது, வெட்டுவது, தூக்குவது எல்லாம் பெரும்பாலும் மின்சாரத்தில்தான்.

அந்த மின்சார வேலையை யார் செய்யலாம்?

சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் ஊழியர் மட்டுமே. அதிலும் 3 நிலைகள் உண்டு. எலெக்ட்ரீஷியனுக்கு வரம்பு 45 கேவிஏ. உலோகத்தைக் கட்டியாக அழுத்தும் இயந்திரத்தின் 37 கிலோவாட் மோட்டார் ஒன்றே கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிடும்! ஷ்ரெட்டர் இருந்தால் நூற்றுக்கணக்கான கிலோவாட். அதை வடிவமைக்கப் பொறியாளர் நிலை உரிமம் வேண்டும்.

பெரிய மோட்டாரை நேரடியாக 'ஆன்' செய்தால், வழக்கத்தைவிட 5 முதல் 8 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மெதுவாகக் கிளப்பும் 'சாஃப்ட் ஸ்டார்ட்டர்' போன்ற கருவி தேவை.

தூசில் என்ன இருக்கிறது?

இதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. உலோகத் தூசு மின்சாரத்தைக் கடத்தும். சுவிட்ச் பெட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தால், மின்சாரம் அதன் வழியே பாய்ந்து தீப்பிடிக்கலாம். ஆகவே தூசு புகாத, ஐபி65 போன்ற தரத்திலான பெட்டிகள் வேண்டும். 'சூடு தாங்கல' என்று பெட்டிக் கதவைத் திறந்துவைத்தால் அந்தச் செலவெல்லாம் வீண்.

பாரந்தூக்கியில் மின்காந்தம் இருந்தால் இன்னொரு சிக்கல். மின்சாரம் நின்ற மறுகணம் தூக்கிய இரும்பு கீழே விழும். அதற்கு மின்கல ஆதரவு அவசியம்.

சிவப்புப் பொத்தான் போதாதா?

இயந்திரத்தில் இரும்பு சிக்கிக்கொள்கிறது. ஒருவர் உள்ளே கைவிட்டு எடுக்கிறார். விஷயம் தெரியாத வேறொருவர் சுவிட்சைப் போட்டால்?

அவசரப் பொத்தான் இயந்திரத்தை நிறுத்தும், அவ்வளவுதான். மின் இணைப்பைத் துண்டிக்க 'ஐசொலேட்டர்' சுவிட்ச் வேண்டும். அதில் பூட்டு மாட்ட இடமும் வேண்டும். உள்ளே இருவர் இறங்கினால் பூட்டும் இரண்டு, சாவி அவரவர் பையில்.

அந்தச் சுவிட்ச் எங்கோ தள்ளியிருக்கும் மின் அறையில் இருந்தால், அவசரத்தில் யாரும் அவ்வளவு தூரம் நடக்கமாட்டார்கள். இயந்திரத்தின் பக்கத்திலேயே அதைப் பொருத்த, வரைபடம் போடும்போதே முடிவெடுக்க வேண்டும். இத்தகைய இடத்தில் நீங்களோ உங்கள் உறவினரோ வேலை செய்தால், முதல் நாளே கேளுங்கள்: "என்னோட பூட்டு எங்கே?"