எந்த வரிசையில் நிற்பது?

வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் முதல் அலுவலர் நம் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் தங்கள் கையிலுள்ள பட்டியலில் டிக் அடித்துக்கொள்வார்கள். கள்ள ஓட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. நமக்கு அது சில நொடி வேலை. ஒரு திருநங்கைக்கு அந்தச் சில நொடிகள் எப்படி இருந்திருக்கும்? சேலை கட்டி, பூ வைத்து வந்து நிற்பவரின் முன்னால், பெற்றோர் வைத்த ஆண் பெயர் அறை முழுக்கக் கேட்கும். அடையாள அட்டையில் மீசை அரும்பிய பழைய போட்டோ. ஏஜெண்டு ஒருவர் "இது இவரில்லையே" என்று ஆட்சேபித்தால் போதும். அதற்கு முன்பே வெளியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. எதில் நின்றாலும் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வரும்.

அங்கே வரைக்கும் வந்தவர்களே குறைவு. பதினைந்து, பதினாறு வயதில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்காது. வாடகைக்கு வீடு தருபவர்கள் அரிது என்பதால் முகவரிச் சான்றும் கிடையாது. பட்டியலில் பெயரே இல்லாதவரிடம் எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வருவார்? அன்று அவர்களுடைய அரசியல் விருப்பம் என்னவென்று யாரும் கேட்டதில்லை. தேர்தலில் நின்று ஜெயித்து வந்தாலும் நிம்மதி இல்லை. மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் மேயராக வென்ற திருநங்கை கமலா ஜான், அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி, அவரோ ஆண் என்று நீதிமன்றம் சொன்னதால் பதவி இழந்தார். மக்கள் ஓட்டுப் போட்டார்கள். சட்டம் அவரை ஆண்கள் வரிசைக்கே தள்ளியது.

மாற்றம் தமிழ்நாட்டில் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கியது. 2008 ஏப்ரலில் கருணாநிதி அரசு, நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கைகளுக்கென ஒரு நலவாரியத்தை அமைத்தது. 2009 நவம்பரில் தேர்தல் ஆணையம், ஆண், பெண் என்ற இரண்டோடு 'இதரர்' என்ற மூன்றாவது கட்டத்தையும் பட்டியலில் சேர்த்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஒன்பதாவது நாள் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். மதுரையில் திருநங்கை பாரதி கண்ணம்மா சுயேச்சையாக வேட்பாளர் பட்டியலில் இருந்தார்.

நலவாரியம் தந்த தி.மு.க.வுக்கே இவர்கள் ஓட்டெல்லாம் போகும் என்று நினைத்தவர்கள் உண்டு. நன்றி இருந்தது உண்மைதான். ஆனால் அது ஒரே மூட்டையாகக் கட்டிய ஓட்டு வங்கி ஆகவில்லை. 2016இல் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவை எதிர்த்து நாம் தமிழர் கட்சி சார்பில் நின்றவர் தேவி என்ற திருநங்கை. அதே ஆண்டு அப்சரா ரெட்டி அ.தி.மு.க.வில் சேர்ந்தார், பிறகு காங்கிரசிலும் பொறுப்பு வகித்தார். 2019இல் தென்சென்னையில் ராதா சுயேச்சை. 2020 தொடக்கத்தில் திருச்செங்கோடு ஒன்றியத்தில் ரியாவும், 2022இல் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் கங்காவும் தி.மு.க. சார்பில் வென்றார்கள். எனக்கு இதில் நல்ல சேதி தெரிகிறது. ஒரு சமூகம் பல கட்சிகளில் பிரிந்து நிற்பது, அது குடிமக்களாக நடக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். ஊரும் சாதியும் குடும்பமும் பேட்டைப் பழக்கமும் மற்றவர்களைப் போலவே அவர்களுடைய ஓட்டையும் இழுக்கும். அவற்றோடு வீட்டுமனைப் பட்டா, போலீஸ் தொல்லை, எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் தனிப் பங்கு தரும் கிடைமட்ட இடஒதுக்கீடு என்ற அவர்களுக்கே உரிய கணக்கும் சேரும். கர்நாடகம் 2021இல் அரசு வேலையில் அப்படி ஒரு சதவீதம் கொடுத்தது; இங்கே அந்தக் கோரிக்கை இன்னும் நிற்கிறது.

தன்பாலின ஈர்ப்பாளர்களின் நிலை வேறு. பட்டியலில் அவர்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது; தேவையும் இல்லை. அமெரிக்காவில் எக்ஸிட் போலில், ஒருவர் தன்பாலின ஈர்ப்பாளரா, இருபால் ஈர்ப்பாளரா, திருநரா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். 2024 அதிபர் தேர்தலில், ஆம் என்றவர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிசுக்குப் போட்டதாகச் சொன்னார்கள். அங்கே இரு பெரிய கட்சிகளும் இந்த விஷயத்தில் எதிரும் புதிருமாக நிற்பதால் ஓட்டும் ஒரு பக்கம் சாய்கிறது. இங்கே, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப்பிரிவின் பிடி 2018இல் தளரும் வரை, தான் யாரென்று சொல்வதே குற்றத்தின் விளிம்பில் இருந்தது. 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்து, அது நாடாளுமன்றம், சட்டமன்றங்களின் வேலை என்றது. அந்த ஒரு வரியில் விஷயம் வாக்காளர் கைக்கு வந்துவிட்டது. அடுத்த தேர்தலிலேயே காங்கிரஸ் அறிக்கையில் இணைந்து வாழும் தன்பாலின இணையருக்குச் சட்ட அங்கீகாரம் என்ற வாக்குறுதியும், பா.ஜ.க. அறிக்கையில் திருநர்களுக்கு ஆயுஷ்மான் காப்பீடும் இடம்பெற்றன. ஒப்பிட்டுப் பார்த்து ஓட்டுப் போட ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது.

ஆனாலும் கணக்கு இன்னும் நேராகவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 'இதரர்' 22,364 பேர். 2024 வாக்காளர் பட்டியலில் மூன்றாம் பாலினத்தவர் 8,467 பேர். நாட்டிலேயே அதிகம் இதுதான். பெண் என்றே பதிவு செய்துகொண்டவர்களையும் சிறுவர்களையும் கழித்தாலும் இடைவெளி பெரிது. நாடு முழுக்க இப்பிரிவினரில் ஓட்டுப் போட்டவர்கள் 2019இல் 14.64 சதவீதம், 2024இல் 27.09. ஏறக்குறைய இரட்டிப்பு என்று மகிழலாம். ஆனால் மொத்த வாக்காளர்களில் சுமார் 66 சதவீதம் பேர் போட்ட தேர்தல் அது.

பூத் கமிட்டிக்காரர்களே, பட்டியல் சரிபார்க்கத் தெருத்தெருவாகப் போகும்போது திருநங்கையர் குடியிருக்கும் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6, பெயரோ பாலினமோ திருத்த வேண்டியவருக்குப் படிவம் 8. ஓட்டு உங்கள் கட்சிக்குக் கிடைக்குமா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.