இரைச்சலை வெட்டுங்கள், எர்த்தை அல்ல

நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்ரகம் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்கிறது. கோட்டைப் பகுதியில் உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் கச்சேரி. சுவாதித் திருநாளின் (1813-1846) நவராத்திரி கீர்த்தனைகள்தான் பிரதானம். கைதட்டல் கிடையாது. எதிரொலியை அடக்கக் கூரையடியில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மின்சாரம் வராத காலத்திலேயே இரைச்சலோடு போராடிய ஊர் இது.

இன்று எதிரி வேறு. நகரின் சபாக்களிலும் கோயில் மைதானங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதுமே, பாடகர் வாய் திறக்கும் முன்பே, ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்துவிடுகிறது. இந்த முனகலுக்குச் சொந்தமாக ஒரு சுருதியே உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அதை ஆம்ப்ளிஃபயர் நேர்மின்சாரமாக மாற்றும்போது மிச்சமாகும் அதிர்வு 100. ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் விழும் ஸ்வரம் இது. எந்தக் கட்டையில் பாடுபவரோடும் ஒத்துப்போகாது.

அவசரத்தில் மைக் செட்காரர்கள் சிலர் கையாளும் வைத்தியம் எளிமையானது: பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றிவிடுவது, அல்லது எர்த் ஒயரை வெட்டிவிடுவது. பல சமயம் முனகல் உடனே நின்றுவிடும். சபை நிம்மதியாகிறது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் தடித்த, நீளமான பின் சாக்கெட்டை முதலில் தொடும்படி செய்யப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. உள்ளே ஒரு ஒயர் நைந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து ஃப்யூஸை எரித்துவிடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட் பெட்டியில் காத்திருக்கும். கேபிள் வழியே மைக் வரைக்கும் வரும். 1972 மே 3 அன்று பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில், கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்தார்.

அப்படியானால் எர்த் இருக்கும்போது ஏன் முனகுகிறது? மேடையில் மிக்ஸர் ஒரு சாக்கெட்டில். அரங்கின் மறுகோடியில் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு சாக்கெட்டில். இரண்டு எர்த்துகளும் சமமாக இருப்பதில்லை. அந்தச் சிறிய வித்தியாசம், இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிளின் வெளி உறை வழியே ஓடி, பாட்டோடு கலந்துவிடுகிறது. எர்த் லூப் என்பது இதுதான். சரியான பரிகாரங்கள் மூன்று: எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் தருவது, நீண்ட தூரத்துக்கு பேலன்ஸ்டு கேபிள் போடுவது, அதுவும் போதாவிட்டால் ஆடியோ பாதையில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது. எதிலும் எர்த்தைத் தொட வேண்டியதில்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வால்யூமைக் குறையுங்கள். இரைச்சலும் குறைந்தால் குற்றவாளி வால்யூமுக்கு முன்னால் இருக்கிறது: மைக், கேபிள், பிளேயர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிச் சோதித்தால் பிடிபடும். எலெக்ட்ரானிக் தம்பூராவின் அடாப்டர் மீது சந்தேகமா? பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வால்யூமைக் குறைத்தும் முனகல் மாறவில்லையென்றால் பவர் சப்ளையில் வயதான கெபாசிட்டர் இருக்கலாம். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் பெட்டியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை.

திருவனந்தபுரத்தின் கடல் காற்றும் ஈரமும் தம் பங்குக்கு வால்யூம் குமிழிலும் பிளக் முனைகளிலும் களிம்பேற்றுகின்றன. 'கரகர' சத்தம் அதன் அடையாளம். மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைத் திருப்பும்போது மாறும் 'ஸ்ர்ர்' வேறு ரகம். பழைய 2ஜி செல்போனை ஆம்ப்ளிஃபயர் அருகில் வைத்தால் வரும் 'டிக்-டிக்-டிர்ர்' இன்னொன்று. போனைத் தள்ளி வைத்தால் தீரும்.

தீர்க்கவே முடியாததும் ஒன்று உண்டு. மெல்லிய 'ஹிஸ்'. மின்தடையில் உள்ள எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதன் ஓசை இது என்று 1928-இல் பெல் ஆய்வகத்தின் ஜான்சனும் நைக்விஸ்ட்டும் விளக்கினார்கள். நல்ல வடிவமைப்பு அதைக் குறைக்கும், ஒழிக்காது.

நவராத்திரி முடிந்த சூட்டோடு ஐப்பசியில் துலாவர்ஷம் வருகிறது. பிற்பகலில் மேகம் திரண்டு இடி இறங்கும் பருவம். அப்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே உருவிவிட வேண்டும். மழை விட்டதும் திரும்பச் செருகும்போது மூன்று பின்னும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. முனகும் ஸ்பீக்கரை நாளை சரி செய்துகொள்ளலாம்.