ஏர் போகாத இடம்

பிணத்தைச் சுடுவதே நம்மவரின் பொது வழக்கம் என்று நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எண்ணிக்கொண்டிருந்தாலும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் மிகப் பல. அவற்றுள்ளும் சொந்த நிலம் படைத்த சில குடும்பங்கள், ஊர்ப் பொது இடுகாட்டை விட்டுத் தங்கள் கழனியின் ஓரத்திலோ தோப்பின் மூலையிலோ பெரியவர்களை அடக்கம் செய்து, அதன்மேல் செங்கல் மேடை கட்டி, விளக்கு மாடம் வைத்து, அமாவாசை தோறும் படையலிட்டு வந்தன. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் பிள்ளைகள் உத்தியோகத்தின் பொருட்டுப் பட்டணம் போனார்கள், நிலம் கைமாறிற்று, மேடை சரிந்தது, விளக்கேற்றுவார் இல்லாமற் போயிற்று. இன்றோ, வீட்டில் அடுத்தடுத்துக் கஷ்டங்கள் நேர்ந்து ஜோசியர் சொன்னதாலோ, தம் பூர்வீகத்தை அறியவேண்டும் என்ற ஆவலாலோ, கொள்ளுப்பேரன்மார்கள் ஊருக்கு வந்து, முப்பாட்டனாரின் பெயரைச் சொல்லி, அவர் சமாதி எங்கே என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை என்ற ஏமாற்றத்துடன் மாலைப் பேருந்தில் திரும்பிவிடுகிறார்கள்.

அவர்கள் திரும்பியிருக்க வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். ஊருக்கு ஞாபகம் போய்விடவில்லை. கேட்ட கேள்விதான் அந்த ஞாபகத்தைத் தொடவில்லை. நிலத்தை உழுது பிழைக்கும் ஜனங்கள் இறந்தவர்களின் பெயர்களைக் காட்டிலும் நிலத்தின் குணங்களையே அதிகமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். எந்த வரப்பு எவர் காலத்தில் நகர்ந்தது, எந்த மரத்தை வெட்டக்கூடாது, எந்த மூலையில் ஏர் போகாது என்பவை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வேலையோடு வேலையாகச் சொல்லப்பட்டு வருபவை. ஆகையால் தேடி வருகிறவர் பெயரைக் கேட்பதை விட்டு இடத்தைக் கேட்கவேண்டும்.

செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இதை நான் நேரில் கண்டேன். நண்பர் ஒருவர் தம் முன்னோரின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது கையை விரித்துவிட்ட ஒரு மூதாட்டியிடம், “ஆயா, இந்தப் பக்கத்துக் கழனியிலே ஏர் ஓட்டாமல் விட்ட இடம் ஏதாவது உண்டா?” என்று கேட்டதும், அவர் சற்றும் யோசியாமல் பதில் சொன்னார்: “இல்லாம என்னா? கெணத்துக்கு மேக்கால வேப்பமரம் நிக்குதே, அதும்பக்கத்துல ஏரு போவாது. நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல, அங்க சாணி கொட்டிடாதடின்னு எம் மாமியாரு சொல்லிச்சு.” காரணம் கேட்டோம். “பெரியவரு ஒருத்தரு படுத்துனு இருக்காராம்.” எந்தப் பெரியவர்? “அது யாருக்கு நைனா தெரியும்? முந்தி நெலம் வச்சினு இருந்தவங்க வூட்டுப் பெரியவராம்.” நண்பரிடம் பெயர் இருந்தது, இடம் இல்லை, அந்த அம்மாளிடம் இடம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டும் சேர்வதற்கு, எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு சரியான கேள்வி தேவைப்பட்டது.

இத்தகைய ஞாபகம் ஊரில் எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பஞ்சாயத்துத் தலைவரையும் பெரிய மனிதர்களையும் முதலில் நாடுவது இயல்பே. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் தங்கள் வீட்டுக் கதையே. பலருடைய வயல்களுக்கும் மாறி மாறி நீர் பாய்ச்சியவர், அறுவடை முடிந்த தரையில் கிடை போட்டு ஆடு மேய்த்தவர், விறகுக்கும் சாணிக்கும் நாளெல்லாம் அலைந்த பெண்மணி ஆகியோர் மண்ணை அடியளவில் அறிந்தவர்கள். வேற்றூரிலிருந்து மணமாகி வந்த பெண்கள், எங்கே போகலாம், எங்கே போகலாகாது என்று புதிதாகக் கற்க வேண்டியிருந்தமையால், அவ்வூரிலேயே பிறந்த ஆண்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடும். ஒப்பாரி பாடத் தெரிந்த கிழவிகளை மறந்துவிடலாகாது. மாண்டவரின் உறவுமுறையையும், அவர் கட்டிய கிணற்றையும், வைத்த தோப்பையும் சொல்லிப் புலம்புவது அப்பாட்டின் வழக்கமாதலால், வேறெங்கும் எழுதப்படாத குடும்ப வரலாறு அதில் தங்கியிருக்கும்.

எல்லோருக்கும் மேலாக நாடவேண்டியவர், குழி வெட்டியவரின் வம்சத்தார். வெட்டியான் என்று பெயரிட்டு ஊர் ஒதுக்கிவைத்த அந்தக் குடும்பமே, தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு சாவுக்கும் மண்ணை அளந்து தோண்டியது. புதிய குழியைத் தோண்டும்போது பழைய குழியில் கடப்பாரை இறங்கிவிடக்கூடாது என்பதால், யார் எங்கே, எந்தத் திசையில் தலைவைத்துக் கிடக்கிறார் என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது அவர்கள் தொழிலுக்கு இன்றியமையாததாக இருந்தது. தகனமோ அடக்கமோ, அந்தக் கைகள் செய்த ஊழியத்துக்கு ஊர் கொடுத்த கூலி அற்பம், கொடுத்த மரியாதை அதனினும் அற்பம். சமாதி தேடி வருகிறவர் அந்த வீட்டு வாசலுக்குச் சென்று, திண்ணையில் உடன் அமர்ந்து, பெரியவரை வாங்க போங்க என்று மரியாதையாக அழைத்து விசாரிப்பாரானால், தகவல் கிடைக்கிறதோ இல்லையோ, நெடுநாட் கடன் ஒன்றில் ஒரு சிறு பங்காவது தீரும்.

வாய்மொழி ஓரிடத்தைச் சுட்டியபின் மண்ணைப் பார்க்கவேண்டும். ஒருமுறை தோண்டி மூடிய மண், தோண்டாத மண்ணைப்போல இறுகுவதில்லை. நாளடைவில் உள்ளே இருப்பவை மக்கிச் சரிய, மேற்பரப்பு மெல்லத் தாழ்கிறது. எனவே மேடையெல்லாம் அழிந்துபோன பின்னும், மழை விட்ட மறுநாள் காலையில் அந்த இடத்தில் மட்டும் நீர் தேங்கி நிற்பதையும், கோடையில் சுற்றிலும் காய்ந்த பிறகும் அங்கே புல் பசுமையாக இருப்பதையும் காணலாம். பள்ளத்தின் வடிவமும் பேசும். படுக்கவைத்துப் புதைத்த குழி நீண்டிருக்கும். சைவக் குடும்பங்கள் பலவற்றில் தலை தெற்கே இருக்கும். வீரசைவர்களும் சந்நியாசிகளும் அமர்ந்த நிலையில் அடக்கம் செய்யப்படுவதால் அவர்களுடைய குழி சதுரமாகவோ வட்டமாகவோ அமையும். அவ்விதிகளைச் சொல்லும் சமாதிக் கிரியை என்ற பகுதி திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்திலேயே இருக்கிறது. இஸ்லாமியர் கபுருகள், முகம் மேற்கே மெக்காவின் திசையாகிய கிப்லாவை நோக்கும்படி வடக்குத் தெற்காக அமைந்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் கல் நட்டிருக்கும். கிறிஸ்தவக் கல்லறைகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை.

மண்ணோடு மரத்தையும் கல்லையும் பார்க்கவேண்டும். வயல் நடுவே காரணமின்றித் தனித்து நிற்கும் வில்வமோ அரளியோ நந்தியாவட்டையோ எவரோ பூசைக்கு நட்டதாக இருக்கலாம். வரப்போரத்தில் குவிந்த செங்கற் சில்லுகளுக்கிடையே, ஒரு பக்கம் குடைந்து உட்புறம் எண்ணெய்க் கரி படிந்த துண்டு ஒன்று அகப்படுமானால், அது விளக்கு மாடத்தின் பகுதியாக இருந்திருக்கக்கூடும். சாய்ந்து கிடக்கும் கருங்கல்லைத் துணியால் துடைத்து, காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால், நடுப்பகலில் தெரியாத எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். சுண்ணாம்பும் மாவும் பூசித் தேய்த்துப் படிக்க முயல்வது கல்லுக்குக் கேடு, அதைச் செய்யலாகாது.

மூன்றாவது சாட்சி ஆவணம். நிலத்தின் புல எண் தெரிந்தால், கிராமக் கணக்கிலுள்ள ‘அ’ பதிவேடும், புலப்பட நூலும், பழைய அடங்கலும் பார்க்கத் தக்கவை. ஊர் இடுகாடு புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். தனியார் கழனிச் சமாதியோ பெரும்பாலும் தனி எண் பெறாமல் பட்டா நிலத்துக்குள்ளேயே அடங்கிப்போயிருக்கும். அப்போது கைகொடுப்பது கிரயப் பத்திரம். நிலத்தை விற்ற முன்னோர், நான்கெல்லை விவரிக்கும் சொத்து விவரத்தில், சமாதி உள்ள இத்தனை சென்ட் நீங்கலாக என்றோ, பூசைக்கு வந்துபோகப் பாத்தியம் உண்டு என்றோ ஒரு வரி எழுதிவைத்திருப்பதுண்டு. 1980-ஆம் ஆண்டில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, நியாயமான அச்சீர்திருத்தத்தின் கூடவே, கணக்கை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர்களும் ஓய்ந்துபோனார்கள். அவர்கள் வீட்டுப் பரணில் பழைய நோட்டுகள் சில இன்னும் கிடக்கக்கூடும். கிறிஸ்தவக் குடும்பமானால் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு முதலில் பார்க்கவேண்டியது.

வாய்மொழி, மண், ஆவணம் என்ற மூன்றையும் ஒத்துப் பார்க்கவேண்டியதன் அவசியத்துக்குப் பெரியதோர் உதாரணம் கும்பகோணத்தை அடுத்த உடையாளூரில் இருக்கிறது. அங்கே ஒரு தோட்டத்திலுள்ள சிவலிங்கத்தைக் காட்டி, முதலாம் ராஜராஜனின் சமாதி இதுவே என்று ஊரார் சொல்கிறார்கள். அவ்வூர்ப் பால்குளத்தம்மன் கோயில் தூணிலுள்ள, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு, ராஜராஜனின் விருதுப் பெயராகிய சிவபாதசேகரன் பெயரால் வழங்கிய திருமாளிகை ஒன்றின் மண்டபம் புதுப்பிக்கப்பட்டதைக் குறிக்கிறது. 2019-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆய்வுக்கு உத்தரவிட்டுத் தொல்லியல் துறையினர் ஆராய்ந்தும், சமாதி என்று நிலைநாட்டும் சான்று கிடைக்கவில்லை. வாய்மொழியும் கல்வெட்டும் ஒரே ஊரைச் சுட்டியும் மண் இன்னும் சம்மதிக்கவில்லை. சக்கரவர்த்தி விஷயத்திலேயே இப்படியென்றால், சாமானியக் குடும்பம் ஒருவர் சொல்லை மட்டும் நம்பிச் சலவைக்கல் பதிப்பது தகாது. ஒருவருக்கொருவர் கலந்து பேசாத இரண்டு மூன்று பேர் தனித்தனியே அதே இடத்தைக் காட்டினால், அந்தச் சாட்சியத்துக்கு மதிப்பு உண்டு.

இடமே இல்லாமற்போன குடும்பங்களும் உண்டு. 1934-இல் மேட்டூர் அணை நிறைந்தபோது பல ஊர்கள் நீரில் மூழ்கின. நீர்மட்டம் இறங்கும் காலங்களில் பண்ணவாடிப் பரிசல்துறைப் பக்கம் பழைய கோயில் நந்தியும் மாதாகோயில் கோபுரங்களும் வெளிப்படுவதைக் காணலாம். அவ்வூர் மாண்டோர் துயில்வதும் அந்த நீரின் கீழேதான். இலங்கை மலையகத்தின் கதை இதனினும் துயரமானது. காப்பிக்கும் தேயிலைக்குமாக அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் பெயர் எழுதிய கல் அபூர்வம். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது, அவர்கள் தாய் தந்தையரின் புதைகுழிகள் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. தோட்டத்து ஜனங்கள் மலைகளை நம்பரிட்டு அழைப்பவர்கள். ஆகவே அப்படி வந்து நீலகிரியில் கூடலூர் முதலிய இடங்களில் வாழும் முதியவர்களிடம், இன்ன தோட்டத்தில், இன்ன நம்பர் மலையில், எந்த லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீட்டுக்குக் கீழே என்று கேட்டால், பேரப்பிள்ளைகள் போய்த் தேடுவதற்குப் போதுமான அடையாளம் இன்றும் கிடைக்கும்.

இடம் தெரிந்த மாத்திரத்தில் மண்வெட்டியை எடுப்பது பெரும் தவறு. பழைய பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருந்தாலன்றி, நிலத்துக்கு இன்று உரியவரின் சம்மதமின்றி அங்கே கால்வைக்கவும் நமக்குப் பாத்தியம் இல்லை. மனம் புண்படுத்தும் நோக்கத்தோடு புதைவிடத்தில் அத்துமீறுவதோ, புதைத்த உடலை இழிவுபடுத்துவதோ, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 297-ஆம் பிரிவிலும், இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவிலும் குற்றம். உறுதிப்படுத்திக்கொள்வதற்குக்கூடத் தோண்ட வேண்டியதில்லை. நிலக்காரரிடம் முதலிலேயே, நிலத்தின்மேல் நமக்கு ஆசையில்லை, வருஷத்துக்கு ஒருமுறை வந்து விளக்கேற்றிப் போக அனுமதித்தால் போதும் என்று சொல்லிவிடுவது நல்லது. பாகப் பிரிவினை வழக்கு வருமோ என்ற அச்சமே பல வாய்களை அடைத்துவைத்திருக்கிறது. அது நீங்கியபின், இத்தனை காலம் அந்த மூலையை உழாமல் காத்த அவரே நம்மை அழைத்துப்போய்க் காட்டுவார். பிறருடைய முன்னோருக்காகத் தம் விளைநிலத்தில் ஒரு பங்கைத் தரிசாக விட்டவருக்கு நாம் செலுத்தவேண்டிய நன்றி சிறிதன்று.

பிறகு செய்யவேண்டியது எழுதிவைப்பது. கிணறு, கோயில், சர்வே கல் போன்ற நிலையான இரண்டு அடையாளங்களிலிருந்து அவ்விடம் எத்தனை அடி, எந்தத் திசை என்று அளந்து, புல எண்ணோடும் தேதியோடும் குறித்து, பிரதிகளைக் குடும்பத்தின் ஒவ்வொரு கிளைக்கும் கொடுக்கவேண்டும். மரம் பட்டுப்போகும், வரப்பு நகரும்; அளவு நிற்கும். அடக்கமானவரின் பெயருக்குக் கீழே, இடத்தைக் காட்டியவரின் பெயரையும், குழி வெட்டியவர் பெயர் தெரிந்தால் அதையும், அவர்கள் சம்மதத்துடன் எழுதுங்கள். நம் வம்சாவளியைக் காப்பாற்றித் தந்ததில் அவர்களுக்கும் உரிமை உண்டு. வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டுக் கற்கள் நடப்படும் காலம் இது. ஏர் போகாத மூலைக்குள் பொக்லைன் இயந்திரம் ஒரே காலையில் போய்விடும். ஆகையால், பூர்வீக ஊர் இன்னதென்று தெரிந்த ஒவ்வொருவரும், அங்கே இருக்கும் மிக மூத்த மனிதரை அடுத்த விடுமுறைக்குக் காத்திராமல் இப்போதே போய்ப் பார்த்து, அந்த மண்ணைப் பற்றி விசாரிப்பது நலம்.